சாணி மெழுகிய விரிசல்

அந்த ஐப்பசியில் மழை விட்டபாடில்லை. மலைமேல் வாழவந்தி நாட்டில், ஓடைக்கு மேலே சரிவில் இருந்த எங்கள் ஊரில் மண் வெடிக்க ஆரம்பித்திருந்தது. விரிசல் கண்ட வீட்டுக் கதவில் சுண்ணாம்புப் பொட்டு வைப்பார்கள், பொட்டு வைத்த வீட்டாருக்கு மட்டும் பாறை மேட்டில் புது இடம் என்று சர்க்கார் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டிலும் விரிசல் இருந்தது, அடுப்படியிலிருந்து வாசற்படி வரைக்கும். முதல் நாள் நகம் நுழைந்தது. நான்காம் நாள் விரலே நுழைந்தது. தினமும் விட்டுப் பார்ப்பேன். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. மிளகு மூட்டையோடு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கிய வீட்டுக்காரர், வழியில் ஓடைகள் பெருகியதால் திரும்பவில்லை. வீட்டில் நானும் மூன்று மாதக் குழந்தையும்தான்.

வீடு வீடாகப் பார்த்துப் பொட்டு வைக்க ஆபீசர் வருகிறார் என்று கேட்டதும் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது. பெரிய மனுஷர் உள்ளே கால் வைக்கப்போகிறார், தரை இப்படியா கிடப்பது என்று கூச்சம். செம்மண்ணைக் குழைத்து விரிசலில் அடைத்து, மேலே சாணி போட்டு வழவழவென்று மெழுகிவிட்டேன். அடுப்புச் சூட்டில் காய்ந்ததும் பாய் விரித்துக் குழந்தையையும் அங்கேயே படுக்கவைத்தேன்.

ஆபீசர் குனிந்து பார்த்தார். "இந்த வீட்டுக்கு ஒண்ணும் ஆகலை" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்துக் கதவில் பொட்டு, அதற்கடுத்த கதவிலும் பொட்டு. ஊரே மேட்டுக்குப் போய்விடும், நானும் குழந்தையும் மட்டும் இந்தச் சரிவில் கிடப்போம். ஓடிப்போய் வழி மறித்தேன்.

"ஏனுங்க, எங்கூட்லயும் வெடிச்சிருக்குதுங்க. நாந்தானுங்க பூசி மறைச்சுப்போட்டேன்."

சுண்ணாம்புச் சட்டியோடு கூட வந்த சேவகர் சிரித்தார். "புது இடம்னா எல்லாரும் இதத்தானுங்க சொல்றாங்க."

ஆபீசர் சிரிக்கவில்லை. "காட்டும்மா" என்றார்.

பாயின் ஓரத்தை மடித்து, குழந்தையின் காலடியில் அரிவாள் முனையால் கொத்தினேன். நான் மெழுகிய மண்ணோடு ஓரத் தரையும் பெயர்ந்து பொலபொலவென்று உள்ளே போயிற்று. கையை விட்டேன். மணிக்கட்டு போனது, முழங்கை போனது, அடி தட்டவில்லை. கீழே எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

சேவகர் சட்டியைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார். ஆபீசர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொட்டு கிடக்கட்டும்யா. மொதல்ல கொழந்தையத் தூக்குங்க."