மாமா துடைக்காத ஜன்னல்

அம்மாவின் தம்பிக்குக் கண்ணாடி துடைக்கிற வேலை. உயரமான கட்டடங்களில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கையில் ரப்பர் வைப்பரோடு மாடி மாடியாக இறங்குவார். உள்ளே ஏசியில் உட்கார்ந்து வேலை செய்வதாக நடிப்பவர்களை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. வகுப்பில் நான் செய்ததும் அதேதான் என்பதால், எனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்பார்.

எங்களுக்கு மேல் வீடுதான் அவருடையது. கூடத்து ஜன்னலைத் துடைத்துத் துடைத்து, அங்கே கண்ணாடி இருப்பதே தெரியாது. பல குருவிகளும் ஒருமுறை நானும் நேராகப் போய் முட்டியிருக்கிறோம்.

அத்தை வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்தாள். நாள் முழுக்கச் சுவரையே பார்க்கிறாளே என்று மாமா ஒரு மீன் தொட்டி வாங்கி வந்தார். கூடத்தில் போட்டிருந்த அவள் கட்டிலில் இருந்து பார்க்கத் தோதான இடம் ஜன்னல் ஓரம் மட்டும்தான். மீன்களுக்கு என் வாத்தியார்களின் பட்டப்பெயர்களை வைத்தேன். அத்தை மொட்டை சாரையும் குச்சி டீச்சரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

சீக்கிரமே தொட்டியில் பச்சைப் பாசி படர்ந்தது. மாமா பிளேடால் சுரண்டினார், திரும்ப வந்தது. பாதித் தண்ணீரை மாற்றினார், அப்போதும் வந்தது. பாசி தின்னும் என்று சொல்லிக் கடைக்காரர் ஒரு கறுப்பு மீனைத் தலையில் கட்டினார். அது மூலையில் ஒட்டிக்கொண்டு தூங்கியது.

"அம்மாம் பெரிய கட்டடம் துடைக்கிற கை, இந்தத் துக்கினியூண்டு கண்ணாடி முடியலயா மாமா?"

"வாயை மூடு, வாலு." வாலு நான்தான்.

கடைசியில் கடைக்காரரே வந்து பார்த்தார். "வெயில் நேரா விழுதே! எத்தனை தடவை சுரண்டினாலும் வரும். முதல்ல வெயிலை மறைங்க."

"ஒரு திரை போடுங்களேன்" என்றாள் அத்தை.

"திரையா? என் ஜன்னலுக்கா? அழுக்குக் கண்ணாடிக்குத்தான் திரை."

அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலையில் சொன்னாள். "மீனைக் கடையிலயே குடுத்துடுங்க. அங்கயாவது நாலு பேர் கண்ணுல படும். எனக்கு அப்ப சுவரு, இப்ப பச்சை."

சாயங்காலம் கொடுத்துவிடுவதாகச் சொல்லி, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார் மாமா.

எனக்குப் போர் அடித்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. சாக்பவுடரைத் தண்ணீரில் குழைத்து ஜன்னல் முழுக்கப் பூசி, நடுவில் விரலால் ஒரு மீசைக்காரர் முகம் வரைந்தேன்.

"வந்து உன் தோலை உரிக்கப் போறாரு" என்று அத்தை தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். "மீசையை இன்னும் கொஞ்சம் முறுக்கிவிடு."

மாமா வந்தார், பார்த்தார், வைப்பரை ஓங்கினார்.

"ஒரே ஒரு வாரம் விடுங்க மாமா. பாசி வந்தா நானே நக்கித் துடைக்கிறேன்."

"அவ நக்குறதைப் பாக்கவாவது விடுங்களேன்" என்று சிரித்தாள் அத்தை. அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. மாமா அவளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலை விட்டுவிட்டுத் தொட்டியைச் சுரண்ட உட்கார்ந்தார்.

அந்த வாரம் முழுக்கக் காலையில் எழுந்ததும் தொட்டியில் மூக்கை வைத்துப் பார்த்தார். பாசி வரவில்லை. மொட்டை சார் வாயைத் திறந்து திறந்து மூடுவது கட்டிலில் இருந்தே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் தண்ணீர் ஊற்றி மீசையைக் கழுவினார் மாமா. போச்சு, இனி பழைய கண்ணாடிதான் என்று நினைத்தேன். ஆனால் அவர் புதிதாகச் சாக்பவுடர் குழைத்தார். வைப்பரால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் பூசி, ஓரங்களைத் துணி நுனியால் ஒழுங்குபடுத்தினார்.

தெருவில் போன எதிர்வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். "என்னங்க, கண்ணாடி துடைக்கிறவர் வீட்டு ஜன்னலா இது?"

மாமா வைப்பரை உதறினார்.

"எங்கயாவது ஒரு கோடு தெரியுதா, பாத்துச் சொல்லுங்க."