பச்சைச் சீட்டும் மஞ்சள் சீட்டும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஜெயபிரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஐந்தருவி சாலையில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசை அவளுடையது. ஈரத் துண்டோடு வந்து நிற்பவர்களிடம் சாவியை நீட்டுவதும், "தண்ணி விழுதா?" என்று போனில் கேட்பவர்களுக்கு "விழுது சார், வாங்க" என்று சொல்வதுமாக நாள் போய்விடும். புதன்கிழமை மட்டும் விடுமுறை. அந்தப் புதன்கிழமையின் சாயங்காலத்தையும் அவள் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தாள்.

அவள் ஊரான குத்துக்கல்வலசையில், நேற்றுவரை வயலாக இருந்த இடத்தில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று பாதியில் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். சுவரும் கூரையும் ஆகிவிட்டன, கதவு வைக்கவில்லை. அங்கேதான் வகுப்பு. அந்தப் புது வீட்டுக் காலனிப் பிள்ளைகளும் வந்தார்கள், ஊரின் கீழத்தெருப் பிள்ளைகளும் வந்தார்கள். கதவில்லாத வீடு என்பதால் யாரும் யோசிக்கவில்லையோ என்னவோ.

முதலில் கணக்கும் ஆங்கிலமும்தான். பிறகு ஒருநாள், லாட்ஜ் கம்ப்யூட்டரில் எதையோ தேடப்போய், அமெரிக்க ஆசிரியர்கள் இலவசமாகப் போட்டுவைத்திருந்த பாடங்கள் அகப்பட்டன. கறுப்பு மனிதர்கள் பஸ்ஸில் எங்கே உட்காரலாம் என்று சட்டம் இருந்ததும், அவர்கள் பஸ்ஸையே வேண்டாம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தே வேலைக்குப் போனதும் படங்களோடு இருந்தன. ஜெயபிரியா அவற்றைத் தமிழில் எழுதி அச்செடுத்தாள்.

"இலவசம் இலவசங்கியே, கலர் மையை எவன் இலவசமாத் தாரான்?" என்றார் லாட்ஜ் முதலாளி ஹபீபுல்லா பாய்.

"படிக்கிற பிள்ளைகளுக்கு பாய்."

"அதுக்குத்தான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேன். இல்லன்னா பிரின்டரைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பேன்."

பிள்ளைகளுக்குப் பாடம் பிடித்துப்போயிற்று. "ஒரு வருசம் நடந்தாவளா? இங்கன இருந்து தென்காசிக்கு நடக்கச் சொன்னாலே எங்கப்பா ஆட்டோ கேப்பாரு" என்றான் லிங்கேஸ்வரன். காலனிப் பையன், எதற்கும் முதலில் வாயைத் திறப்பவன். அடுத்த வாரம் அவள் வைக்கம் போராட்டத்தைச் சொன்னாள். கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கக்கூட உரிமை கேட்டுப் போராட வேண்டியிருந்ததை, நம் செங்கோட்டையும் அப்போது அதே திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்ததைச் சொன்னாள். பிள்ளைகள் செங்கோட்டை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவளுக்குத் தன்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது.

அந்த மதிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. தூரத்து அநியாயம் மனத்துக்கு இதமானது. கடலுக்கு அப்பால் நடந்ததென்றாலும், தாத்தா காலத்தில் நடந்ததென்றாலும், அதைக் கேட்கிறவருக்கு எப்போதும் நல்லவர் வேஷம்தான் கிடைக்கிறது. ஜெயபிரியா கெட்டிக்காரி, ஆனால் இதை அவள் யோசித்திருக்கவில்லை.

மூன்றாவது பாடத்தில் ஒரு விளையாட்டு இருந்தது. பிள்ளைகளுக்கு இரண்டு நிறச் சீட்டு கொடுக்க வேண்டும். பச்சைச் சீட்டுக்காரர்கள் டம்ளரில் தண்ணீர் மொண்டு குடிக்கலாம். மஞ்சள் சீட்டுக்காரர்கள் எதையும் தொடக்கூடாது. பச்சை யாராவது மனம் வைத்து ஊற்றினால்தான் உண்டு. கடைசியில் ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: 'எப்படி இருந்தது?'

சீட்டைக் குலுக்கிப் போட்டார்கள். லிங்கேஸ்வரனுக்கு மஞ்சள் விழுந்தது.

"டீச்சர், இது கள்ள ஆட்டம். மாத்திப் போடுங்க."

"மாத்தக்கூடாதுலே. அதான் பாடமே."

பச்சைச் சீட்டுப் பெண்ணொருத்தி பெரிய மனுஷி மாதிரி டம்ளரைச் சாய்க்க, அவன் ஒற்றைக் கையை நீட்டினான். தண்ணீர் முழங்கை வழியாக ஓடி டவுசரை நனைத்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்படி இல்லலே, மண்டூகம்" என்று எழுந்து வந்தாள் மாரிச்செல்வி. கீழத்தெரு, நான்காம் வகுப்பு, அவள் கையிலும் மஞ்சள் சீட்டு. குத்தவைத்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் சேர்த்துக் குழித்து, விளிம்பை உதட்டோடு ஒட்டி, தலையைக் குனிந்துகொண்டாள். "இப்ப ஊத்து. மெதுவா. போதும்னா தலையை ஆட்டுவேன்."

ஒரு சொட்டு கீழே விழவில்லை.

"சூப்பர்ட்டி! ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?" என்றான் லிங்கேஸ்வரன்.

"எங்கம்மா டீச்சர் வீட்டுத் தோப்புல இப்படித்தான குடிப்பா. ஆச்சி ஊத்துவாவ."

சரியான விடை சொன்ன பிள்ளையின் முகம் அவளுக்கு. பாராட்டுக்காக டீச்சரைப் பார்த்தாள். ஜெயபிரியா கையில் வைத்திருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கேள்வியை அன்று அவள் கேட்கவில்லை.

மாரிச்செல்வியின் அம்மா தங்கத்தாய், ஜெயபிரியா பாவாடை கட்டிய காலத்திலிருந்து அவர்கள் தென்னந்தோப்பில் வேலை செய்கிறவள். மோட்டார் ரூம் வாசலில் அவள் குனிந்து கையேந்துவதும், அம்மா உலகம்மாள் செம்பைச் சாய்ப்பதும் ஜெயபிரியா எத்தனையோ முறை பார்த்ததுதான். மரத்தைப் பார்ப்பதுபோல, மோட்டாரைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டாள். உலகம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நான் என்னைக்காவது டம்ளர் தரமாட்டேன்னேனா? அவளாத்தான் கையை ஏந்துதா. ஏந்துத கையில ஊத்தாம என்ன செய்ய?"

"நீ டம்ளரை நீட்டியிருக்கியாம்மா?"

உலகம்மாள் கீரையை விட்டுக் கையை உதறினாள். "படிச்ச பிள்ளைய வச்சிக்கிட்டு ஒரு வாய்ச் சோறு நிம்மதியாத் திங்க முடியல" என்று உள்ளே போய்விட்டாள். அது பதில் இல்லை. ஆனால் அவள் எழுந்து போன வேகத்தைப் பார்த்தால், கேள்வி காதில் விழாமலும் இல்லை.

அடுத்த புதன்கிழமை மாரிச்செல்வி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. "அவ அம்மா வையுதாவ டீச்சர். வீட்டுப் பேச்சை வெளிய சொல்லலாமா, வேலை போயிட்டா என்ன செய்யன்னு முதுகுல ரெண்டு வச்சாவ" என்றாள் கீழத்தெருப் பிள்ளை ஒருத்தி.

உரிமையைப் பற்றிய பாடத்தில் உண்மையைச் சொன்ன ஒரே பிள்ளைக்கு அடி விழுந்திருக்கிறது. இனி அவள் வராவிட்டால் அந்த வகுப்பில் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று ஜெயபிரியாவுக்குத் தெரிந்தது. வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டு கீழத்தெருவுக்கு நடந்தாள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதற்குமுன் ஒருமுறைகூட அவள் அந்தத் தெருவுக்குள் போனதில்லை. அதுவும் நடக்கையில்தான் நினைவுக்கு வந்தது.

தங்கத்தாய் பதறி எழுந்தாள். "வாங்க பாப்பா. ஆச்சிக்கு மேலுக்கு முடியலையா? நாளைக்கு வெள்ளன வரணுமா?"

"இல்ல... யக்கா." அந்தச் சொல் அவளுக்குப் புதிது. இருபது வருஷமாக அவள் தங்கத்தாயைப் பெயர் சொல்லியே கூப்பிட்டவள். "மாரிச்செல்வி வகுப்புக்கு வரலையேன்னு வந்தேன்."

கதவுக்குப் பின்னால் மாரிச்செல்வியின் ஒரு கண் தெரிந்தது.

"சின்னப்புள்ள, என்னமோ ஒளறிட்டு பாப்பா. ஆச்சி ஒண்ணும் நெனைச்சிராம நீங்கதான் சொல்லணும்." பேச்சோடு பேச்சாக மகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, கடைக்கு ஓடிப்போய் ஒரு கலர் வாங்கிட்டு வா. மூடி தொறக்காம வாங்கணும்."

மூடி திறக்காத கலர் சோடா. ஜெயபிரியாவைப் போல மேலத்தெரு ஆட்கள் வந்தால் கீழத்தெருவில் அதுதான் உபசாரம். வீட்டுத் தண்ணீரைக் கொடுத்துச் சங்கடப்படுத்தக்கூடாது என்று இவர்கள் அவர்களுக்குச் செய்யும் தயவு.

"கலர் வேண்டாம். குடத்துத் தண்ணி தாங்க, போதும்" என்றாள் ஜெயபிரியா.

தங்கத்தாய் உள்ளே போனாள். டம்ளரைக் கழுவும் சத்தம் கேட்டது. மறுபடியும் கழுவும் சத்தம் கேட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கொண்டுவந்து நீட்டினாள்.

ஜெயபிரியா வாங்கினாள். அண்ணாந்து, டம்ளரை உயரத் தூக்கி, உதடு படாமல் ஊற்றிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து எங்கேயும் அப்படித்தான் அவள் குடிப்பது. வீட்டில் அப்படிப் பழக்கியிருந்தார்கள். சுத்தம் என்று சொல்லித்தான் பழக்கியிருந்தார்கள்.

"டீச்சர்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல். "வாய் வச்சிக் குடிங்க."

"ஏட்டி!" தங்கத்தாய் கையை ஓங்கிவிட்டாள்.

ஜெயபிரியா டம்ளரை இறக்கினாள். பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. பிள்ளை கோபமாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. லிங்கேஸ்வரனுக்குக் கை ஏந்தக் காட்டித்தந்த அதே அக்கறையோடு சொல்லியிருந்தாள். ஜெயபிரியா விளிம்பை உதட்டோடு ஒட்டி, மீதியை மெதுவாகக் குடித்து முடித்தாள்.

மாரிச்செல்வி முழுசாக வெளியே வந்துவிட்டாள். "எப்படி இருந்துச்சு டீச்சர்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "உப்பாத்தான் இருக்கு."

தங்கத்தாய் சிரித்துவிட்டாள். ஜெயபிரியா அவள் சிரித்து அதிகம் பார்த்ததில்லை. "போர் தண்ணில்லா, அப்படித்தான் இருக்கும். நீங்க நல்ல தண்ணி குடிச்சிப் பழகுனவிய."

இதனால் குத்துக்கல்வலசை மாறிவிட்டது என்று எழுத எனக்கு மனம் இல்லை. மோட்டார் ரூம் ஆணியில் இப்போது ஒரு எவர்சில்வர் டம்ளர் தொங்குகிறது. அதை மாட்டியது உலகம்மாள். மகளிடம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. தங்கத்தாய் சில நாள் அதில் குடிக்கிறாள், சில நாள் பழக்கத்தில் கையை ஏந்திவிடுகிறாள். அப்போது உலகம்மாள் செம்பைச் சாய்க்காமல், டம்ளர் வரும்வரை காத்து நிற்கிறாளாம். ஜெயபிரியா அந்தச் சீட்டு விளையாட்டைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டாள். தெரியாதவர்களுக்கு அது விளையாட்டு. தெரிந்தவர்களுக்கு அது வீடு.

அன்று கீழத்தெருவிலிருந்து கிளம்பும்போது ஜெயபிரியா கேட்டது ஒன்றுதான்: "புதன்கிழமை அனுப்புவியளா யக்கா?"

தங்கத்தாய் காலி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டாள். கழுவப் போகவில்லை, பிடித்தபடியே நின்றாள்.

"பிள்ளைய வையமாட்டியள்ல பாப்பா?"

"நான் எதுக்கு வையப்போறேன்? அவதான் என்னைய வையுதா."

"அப்பம் அனுப்புதேன்" என்றாள் தங்கத்தாய்.