விமானப் படத்தில் எங்கள் கூரை

சுதந்திரம் கிடைத்த புதிதில், விமானத்திலிருந்து எடுத்த இரண்டு படங்களோடு நில அலுவலக ஆள் ஒருவர் டவுனுக்குள் இருந்த காஜா பேராங் பகுதியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒல்லி உடம்பில் தொளதொளத்த அரைக்கால் சட்டை. பூதக்கண்ணாடியை ஊதி ஊதித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பழைய படத்துல இங்க தென்னைமரம். புதுசுல கூரை. என்னா தம்பி அது?"

அண்ணன் குடும்பத்துக்காக அனுமதியில்லாமல் நான் கட்டிய அறை. "ஆட்டுக் கொட்டாய் சார்" என்றேன். உள்ளே அண்ணி தும்மினார்.

"ஆட்டுக்குச் சளி புடிச்சிருக்கு போல." அவர் சிரிக்கவே இல்லை. "டவுன்ல ஆடு வளர்த்தா கொட்டாய உடைச்சிருவாங்க லா. மனுசன் இருந்தா பெர்மிட் எடுக்கச் சொல்லுவாங்க. எத எழுதுறது?"

"மனுசன்தான் சார்!"

'வீடு' என்று எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். பெர்மிட் எடுத்தேன், அறை தப்பியது. ஆட்டுக்கு அப்படியொரு சட்டம் உண்மையிலேயே இருந்ததா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.