குன்னத்துகாலில் முப்பத்துநாலு திராட்சைக் குலைகள்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். என்னைப் போன்ற விவசாயிக்கு வெளியூர்ப் பயணம் என்றால் கல்யாணம், இல்லையென்றால் மருத்துவமனை. இந்த ஆண்டு இரண்டு முறை கேரள எல்லைக்குப் போய்வந்தேன், அதுவும் திராட்சை பார்க்க.

காரணம் எஸ்தர் அக்கா. எங்கள் ஊரில் செவிலியராக இருந்து, ஓய்வு பெற்றதும் என் தோட்டத்துப் பதியன் இரண்டோடு சொந்த ஊரான குன்னத்துகாலுக்குப் போனவர். மூன்று வருடமாகியும் ஒரு பூகூட வரவில்லை என்று போனில் வருத்தப்பட்டார். அவருடைய சபையில் திருவிருந்துக்குப் புளிக்கவைக்காத திராட்சை ரசம் செய்துகொடுப்பவர் அவர்தான். ஒருமுறையாவது வீட்டுப் பழத்தில் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை.

ஜனவரி கடைசி வாரம். முதல் நாளே நாகர்கோவிலுக்கு வந்து தங்கிவிட்டு, காலை 7.10க்குப் பேருந்து ஏறினேன். 8.35க்குக் களியக்காவிளை. அங்கிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 230 ரூபாய். திராட்சைக் கொடி பார்க்கப் போகிறேன் என்றதும் ஓட்டுநர், "முந்திரியா? இஞ்ச அது பழக்கடையிலல்லா உண்டு" என்றார். மலையாளத்தில் திராட்சைதான் முந்திரி. கடையில் கேட்கும்போது நினைவிருக்கட்டும்.

மொட்டைமாடிப் பந்தலில் இரண்டு கொடிகளும் இலைக்காடாகக் கிடந்தன. கவாத்தே செய்யவில்லை. வெட்டிய இடத்தில் துளிர்க்கும் புதுக் கிளையில்தான் திராட்சை பூக்கும். நான் கத்தரியை எடுத்ததும் அக்காவின் கணவர் ராஜய்யன் அண்ணன் குறுக்கே வந்து நின்றார். அவர் ரப்பர் பால் வெட்டுபவர்.

"வெட்டாண்டாம் மக்கா. மூணு வருசம் நான் வெள்ளம் கோரி வளத்ததாக்கும்."

"வெட்டினாத்தாண்ணே பூக்கும்."

"பட்டுப்போச்சுன்னா?"

அக்கா சொன்னார்: "நீங்க நித்தம் ரப்பர வெட்டுதீங்க. அது பட்டா போச்சு?"

அண்ணன் இரண்டு கொடியையும் ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு, "ஒண்ண வெட்டு. மத்தத தொடாத" என்றார். கிளைக்கு நாலு கணு விட்டு வெட்டினேன். வெறுங்குச்சியாக நின்ற கொடியைப் பார்த்துவிட்டு, எங்களோடு தேநீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார். எனக்கும் உறுதியில்லை. கம்பத்து வெயில் வேறு, இந்த ஊர் ஈரம் வேறு.

பதினான்காம் நாள் ஒரு படம் வந்தது. பச்சைத் துளிர். அனுப்பியது அண்ணன்.

மே மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை, அதே 7.10 பேருந்து. வழியெல்லாம் மழை. பழுக்கும் நேரத்து மழை பழத்தை வெடிக்கவைக்கும். எல்லாம் போச்சு என்றுதான் மாடி ஏறினேன். அங்கே ஒவ்வொரு குலைக்கு மேலும் ஒரு பிளாஸ்டிக் பாவாடை. மழை வெட்டுப்பட்டையில் இறங்காமலிருக்க ரப்பர் மரத்தில் கட்டுகிற அதே பிளாஸ்டிக்கை அண்ணன் துண்டு துண்டாக நறுக்கிக் கட்டியிருந்தார். முப்பத்துநாலு குலை, வெடித்தது இரண்டுதான். பக்கத்துக் கொடி வழக்கம்போல இலையோடு நின்றது.

இனிப்பு அளக்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டேன். பதினாலு. எங்கள் ஊரில் பதினெட்டு வரும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நாப்பதுக்குப் பதினாலு எடுத்தா பாஸாக்கும்" என்றார் அண்ணன். அக்கா சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை பழத்தைக் கையால் பிசைந்து, கொதிக்கவிடாமல் சூடாக்கி, துணியில் வடித்தோம். ஏழு கிலோவுக்கு மூன்றரை லிட்டர். கொஞ்சம் புளிப்பு, நல்ல பன்னீர் மணம்.

போக நினைப்பவர்களுக்கு: மே மாதம் என்றால் குடை கட்டாயம். சாலையோரக் கடையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் 90 ரூபாய். இந்தப் பக்கம் கொடி நடுபவர்கள் பன்னீரைவிட பெங்களூர் நீலம் வகையைப் பாருங்கள், ஈரத்தை அது தாங்கும். ஜனவரி கடைசியில் கவாத்து செய்தால் பெருமழைக்கு முன் பறித்துவிடலாம்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு நானும் போனேன். கடைசி பெஞ்சில் இருந்தபடி, வரிசையாகப் போனவர்களுக்குச் சின்னக் கிண்ணங்களில் அந்த ரசம் கொடுக்கப்படுவதைப் பார்த்தேன். ஒரு கொடியின் பழம், தொண்ணூறு பேருக்கு ஆளுக்கு ஒரு வாய். பதினெட்டு வருடமாகப் பெட்டி பெட்டியாக லாரியில் ஏற்றியிருக்கிறேன். நான் வளர்த்தது யார் வாய்க்குப் போகிறது என்று பார்த்ததே இல்லை. இந்தக் கொடியும் என் தோட்டத்துப் பதியன்தான். அன்று பார்த்தேன்.