எதிர்க்கட்சிக்காரர் நமசிவாயத்தின் ஓட்டு

மேலகரம் நமசிவாயத்துக்குக் குற்றாலம் மெயின் அருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. முப்பது வருஷத்தில் எத்தனை முதுகு பார்த்திருப்பாரோ! எந்தக் கட்சி முதுகானாலும் தேய்ப்பார். ஓட்டு மட்டும் தன் கட்சிக்குத்தான். அவர் தெருவிலோ எப்போதும் ஆளுங்கட்சிதான் கொடிகட்டிப் பறக்கும். இவர் கட்சிக்குப் பூத்தில் உட்காரவே ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்காக மனுஷன் ஒரு தேர்தலை விட்டாரா? டெங்குக் காய்ச்சலோடு ஆட்டோ பிடித்துப் போய்ப் போட்டுவிட்டு வந்து படுத்தவர்.

ஆளுங்கட்சி ஏஜென்ட் கிதிர் முகம்மதுவுக்கு அடுத்த தெருவில் துண்டு, கைலி வியாபாரம். தேர்தல் வந்தால் முதலில் இவர் வீட்டுப் படிதான் ஏறுவார். வீட்டில் அக்காவுக்கு மாசம் ஆயிரம் வருதா இல்லையா, பஸ்ஸில் டிக்கெட் உண்டா என்று அரசாங்கம் செய்ததையெல்லாம் ஒப்பிப்பார். நமசிவாயம் காபி கொடுத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க கட்சிக்குத்தான் பாய்" என்று அனுப்பி வைப்பார்.

போன கார்த்திகையில் வாக்காளர் பட்டியலைத் திருத்த வீடு வீடாக ஃபாரம் கொடுத்தார்கள். அருவியில் ஐயப்ப சாமிமார் கூட்டம் நெரிபடுகிற நேரம். விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் வீடு. மனைவி மாடத்தியும் மகள் பிரசவத்துக்குச் சுரண்டை போயிருந்தாள். ஃபாரம் கொண்டுவந்த அங்கன்வாடி டீச்சர் மூன்று தடவையும் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஃபாரம் நிரப்பிக் கொடுக்காதவர் பேர் பட்டியலில் வராது. இது எதுவுமே நமசிவாயத்துக்குத் தெரியாது. அவர் கட்சிக்காரன் ஒருத்தனாவது எட்டிப் பார்த்தானா? ம்ஹூம்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கையில் கிதிர் முகம்மது அந்த ஃபாரத்தை டீச்சரிடம் வாங்கிக்கொண்டு அருவிக்கே வந்துவிட்டார். நமசிவாயத்துக்கு முழங்கை வரை எண்ணெய். தொட்டால் காகிதம் போச்சு. நீரு சொல்லும், நான் எழுதுதேன் என்று பாய் ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஃபாரத்தில் கேட்கிற இரண்டாயிரத்து இரண்டாம் வருஷப் பட்டியலில் இவர் பேர் எந்த நம்பரில் இருக்கிறது என்பதைக்கூடத் தேடிக் குறித்து வைத்திருந்தார். நமசிவாயம் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிக் கையெழுத்துப் போட்டார்.

ஃபாரத்தைப் பாயிடம் நீட்டினார். எதிர்க்கட்சிக்கு விழுகிற ஓட்டு என்று தெரிந்துமா இவ்வளவு தூரம் வந்தீர் என்று கேட்டார்.

"ஒம்ம பேரு போயிட்டா அடுத்த தடவ யாரு வீட்டுல போயி ஓட்டுக் கேக்க, அண்ணாச்சி? மத்தவனெல்லாம் கேக்குமுன்னேயே சரிங்கான்."

தேர்தல் வந்ததும் பாய் வழக்கம்போல வந்தார், எல்லாம் ஒப்பித்தார். நமசிவாயம் இந்தத் தடவை காபியைக் கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று மட்டும் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, எப்பவும் சொல்லுதத சொல்லும்" என்றார் கிதிர் முகம்மது.

வாக்குப்பதிவு அன்று அதிகாரி நமசிவாயத்தின் பேரை வாசிக்க, உள்ளே உட்கார்ந்திருந்த பாய் தன் பட்டியலில் டிக் அடித்தார். நமசிவாயம் அவரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போய், தன் கட்சிச் சின்னத்தையே அமுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மாடத்தி பிடித்துக்கொண்டாள். அவ்வளவு செய்த மனுஷனுக்கு ஒரு ஓட்டுப் போட மனசு வரலியா என்று பொரிந்து தள்ளினாள். நமசிவாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு காப்பாத்திக் குடுத்தது என் ஓட்ட, ஏட்டி. அத அவருக்கே போட்டா, அந்த மனுசன் கூலிக்கு வந்தாருன்னு ஆயிராதா?"