அண்ணன் பெயரில் ஒரு அட்டை

தொண்ணூற்றொன்றில் தம்பி இரும ஆரம்பித்தபோது, அவனை அண்ணன் பெயரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நான்தான். யோசனையும் என்னுடையதுதான். அண்ணன் பெங்களூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளி. தம்பி அதே இடத்தில் கான்ட்ராக்டில் இரும்பு தேய்க்கிறவன். நிரந்தர ஆட்களுக்குக் கம்பெனி மருத்துவ அட்டை கொடுத்திருந்தது. அதைக் காட்டினால் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்ப்பார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அட்டை கிடையாது. அட்டையில் போட்டோவும் கிடையாது. எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்தில் அட்டையைக் கை மாற்றாத வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

டாக்டர் அண்ணனின் ஃபைலை எடுத்தார். உள்ளே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே இருந்தது, அண்ணனை நிரந்தரம் செய்தபோது எடுத்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முன்னாடி டி.பி. வந்து மருந்து சாப்பிட்டிருக்கீங்களா?" என்று தம்பியைக் கேட்டார். அண்ணனுக்கு வந்திருந்தது, சின்ன வயதில். தம்பி என்னைப் பார்த்தான். அட்டை அண்ணனுடையது என்றால் பதிலும் அண்ணனுடையதாகத்தானே இருக்க வேண்டும்?

"ஆமாங்க சார்" என்றேன் நான்.

டாக்டர் புதிதாக எக்ஸ்ரே எடுக்கவில்லை. சளியைச் சோதிக்கச் சொல்லவில்லை. பழைய நோய் திரும்பிவிட்டது என்று எழுதி, மாத்திரையும் தினம் ஒரு ஊசியும் கொடுத்தார். வெளியே வரும்போது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். எங்களுக்கு அது இலவசமாகவே கிடைத்தது.

மூன்றாவது வாரம், "காதுல இன்னாமோ கத்திகினே கீதுக்கா" என்றான் தம்பி. ஊசி போடும் நர்ஸிடம் சொன்னேன். "மருந்து வேகம், பழகிடும்" என்றார். டாக்டரிடமும் சொன்னோம். அவர் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், பாதியில் நிறுத்தக் கூடாது என்றார். அதன்பிறகு தலை சுற்றத் தொடங்கியது. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நாங்கள் ஒரு ஊசியைக்கூடத் தவறவிடவில்லை.

ஒருநாள் காலை தொழிற்சாலைச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு, சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான், "இன்னிக்கு சங்கு ஊதலியாக்கா?"

அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கையிலிருந்த தட்டைத் தரையில் போட்டேன். அவன் திரும்பவில்லை. பட்டன் போட்டுக்கொண்டிருந்தான்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவன் சொந்தப் பெயரிலேயே போனோம். சளியைச் சோதித்தார்கள், படம் எடுத்தார்கள். டி.பி. இல்லை, எப்போதும் இருந்ததில்லை. இரும்புத் தூளால் வந்த இருமல். ஊசிதான் காது நரம்பைக் கெடுத்தது, போன காது திரும்பாது என்றார்கள். அதை அவனுக்கு நோட்டில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அந்த நோட்டு என் பையிலேயே இருந்தது.

பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்க்க மூன்று பேரும் கிளம்பினோம். அந்த வருஷம் மே மாதக் குண்டுவெடிப்புக்கு அப்புறம் எங்கள் பக்கம் பஸ்ஸை நிறுத்திப் பையைச் சோதிப்பது வழக்கமாகியிருந்தது. ஒரு போலீஸ்காரர் என் பையிலிருந்த அட்டையை எடுத்துப் புரட்டி, "யாருது?" என்றார். அண்ணனுடையது என்றேன். அந்த அட்டையைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

வக்கீல் பொறுமையாகக் கேட்டார். "நஷ்டஈடு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போலாம். நுகர்வோர் கோர்ட்டும் இருக்குது, ஆனா நாங்க அதுல வரமாட்டோம்னு டாக்டருங்க மல்லுக்கட்டிக்கினு இருக்காங்க. மெடிக்கல் கவுன்சில்ல புகார் குடுத்தா டாக்டர் மேல நடவடிக்கை எடுப்பாங்க, உங்களுக்குப் பணம் வராது. சளி டெஸ்ட் பண்ணல, காது கத்துதுன்னு சொல்லியும் ஊசிய நிறுத்தல. இது பெரிய தப்புமா" என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது. அதற்குள் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் புரட்டியவர், "இதுல வேற பேர் இருக்குதே, பேஷன்ட் யாரு?" என்றார்.

அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். வக்கீல் பேனாவை மூடினார்.

"அப்போ அட்டை மாத்துனத நாமளே முதல்ல சொல்லிடணும். அதால கேஸ் கொஞ்சம் நொண்டும், ஆனா நிக்கும். சொன்னப்புறம் கம்பெனி உங்கள வேலைல வெச்சிக்காது. யோசிச்சு வாங்க."

அண்ணனுக்கு மூன்று குழந்தைகள். தம்பிக்கு வேலை போய்விட்டதால் மொத்தக் குடும்பமும் அவர் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும், "இன்னா சொன்னாரு?" என்றான். தன் குரல் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று அவனுக்குத் தெரியாது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நோட்டை எடுத்து எழுதினேன்: கேஸ் நிக்காதாம்.

அண்ணன் வேலைக்காகத்தான் எழுதினேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். கேஸ் நடந்தால், டாக்டர் கேட்டதற்கு ஆமாம் என்று சொன்னது யார் என்று கோர்ட்டில் கேட்பார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

தம்பி படித்துவிட்டு நோட்டை அண்ணனிடம் நீட்டினான். "அப்டியாண்ணா?"

அண்ணன் வாங்கிப் படித்தார். மிக மெதுவாகப் படித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

தம்பி அந்தத் தாளைக் கிழித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இன்றும் அது ஊசிச் சீட்டுகளோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. ஏன் கேஸ் போடவில்லை என்று யாராவது ஜாடையில் கேட்டால், உள்ளே போய் எடுத்து வருவான். "வக்கீலே சொல்ட்டாரு, பாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி என் கையெழுத்தைக் காட்டுவான்.