வலது பை

காலையில் சட்டையை மாட்டியதும் லிஃப்ட் மெக்கானிக் பத்துச் சின்ன நட்டுகளை எண்ணி இடது மார்புப் பையில் போட்டுக்கொள்வார். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டால், அது இறங்கியதும் ஒரு நட்டை எடுத்து வலது பைக்கு மாற்றிவிடுவார். சாயங்காலம் சட்டையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு, குளித்துச் சாப்பிட்டு வந்து வலது பையைத் துழாவுவார். கிடைத்த எண்ணிக்கை காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் ஏறும்.

இந்த வைராக்கியத்துக்குக் காரணம் பேரன். போன தடவை மகள் வந்திருந்தபோது, ஒன்றரை வயசுப் பிள்ளை அவருடைய டெஸ்டரை எடுத்துத் தண்ணீர் பக்கெட்டுக்குள் போட்டுவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் அதற்கு அழுகைகூட உடனே வரவில்லை. வாயை மட்டும் திறந்தபடி நின்றது. மகள் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். “கத்தாம இருக்கப் பழகினா சொல்லுங்கப்பா, வர்றேன்” என்று படியில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள்.

ஏழு நாள் தொடர்ந்து வலது பை காலியாக இருந்தால் அவளைக் கூப்பிடுவது என்று தனக்குத்தானே விதித்துக்கொண்டார். ஒரு நாள் குறைந்தாலும் கிடையாது. பொய் சொல்லிப் பேரனைக் கொஞ்ச அவருக்கு மனசு வரவில்லை. நாலு மாசம் ஓடிவிட்டது. ஏழு இருக்கட்டும், ஒரு பூஜ்யம்கூட விழவில்லை. ரெண்டு தடவைதான் கத்தினோம் என்று நினைத்துக் கையை விட்டால் பையில் நாலு இருக்கும். தன் புத்தி மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது.

அந்த வியாழக்கிழமை ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கதவு மூட மறுத்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் நாலு பேரைக் கூட்டிவைத்துக்கொண்டு, “ஏம்பா, நீ வந்துட்டுப் போனாத்தான் இது நிக்குது. ரிப்பேர் பண்ண வர்றியா, ரிப்பேராக்க வர்றியா?” என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். காது மடல் சுட்டது. மற்ற நாளாக இருந்தால் வண்டி வண்டியாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். “பாத்துடலாம் சார்” என்று மட்டும் சொல்லிக் குனிந்தார். கதவு ஓடும் தடத்தில் சிக்கிக் கிடந்தது செயலாளர் வீட்டுப் பிள்ளையின் செருப்பு. அதைத் துடைத்து அவர் கையிலேயே கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் ஒருவன் ரெண்டு தடவை காலை மிதித்தான். இவர்தான் நகர்ந்து நின்றார்.

இறங்கி வலது பையைத் தட்டிப் பார்த்தார். காலி. அந்தப் பூஜ்யத்தைச் சிந்தாமல் வீடுவரை சுமந்து வந்தார்.

குளிக்கப் போனால் சோப்பு இல்லை.

“மனுசன் வேலை பாத்துட்டு வர்ற வீட்ல ஒரு சோப்பு இருக்காதா? நாள் பூரா என்னதான் பண்ற நீ?”

கதவிடுக்கில் மனைவியின் கை சோப்பை நீட்டியது. அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே குளித்தார். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் போனில் யாரிடமோ “ஒண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“யாரு, மகளா? என்கிட்ட பேசாதவளுக்கு உன்கிட்ட மட்டும் என்ன குசுகுசு? வை போனை.”

வைத்தாள். அவர் சாப்பிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வலது பைக்குள் விரலை விட்டார்.

ரெண்டு நட்டு.

கட்டிலில் உட்கார்ந்து காலையிலிருந்து ஒவ்வொரு மணி நேரமாகப் புரட்டினார். லிஃப்ட் கதவு, செருப்பு, பஸ். யோசனை வீட்டு வாசல் வரை வந்து நின்றுவிட்டது. செயலாளரை மனசுக்குள் திட்டியது உண்மைதான். அதற்குக் கை தானாக மாற்றியிருக்குமோ? அப்படியானால் மனசையும் அல்லவா பழக்க வேண்டும், அதற்கு இந்த ஆயுசு போதுமா?

“இன்னைக்கு நான் யார்கிட்டயாவது கத்தினேனா?” என்று மனைவியைக் கேட்டார்.

“எனக்கென்னங்க தெரியும்? காலையில போயிட்டு இப்பத்தானே வந்தீங்க.”

பென்சிலை அழுத்திக் காலண்டரில் ‘2’ என்று எழுதினார். முனை முறிந்தது.

வீட்டுக்குள் அவர் கத்திய ஒவ்வொரு தடவைக்கும் மனைவி ஆணியிலிருந்த சட்டையில் ஒரு நட்டை இடம் மாற்றி வைத்தாள் என்பதும், மகள் தினமும் போன் செய்து கேட்டது அந்த எண்ணிக்கையைத்தான் என்பதும் வெகுநாள் கழித்துத்தான் அவருக்குத் தெரிய வந்தது.